எஞ்சின் சத்தத்தை எடுத்துவிடாதே

என் அன்பு மகனுக்கு,

நீ லண்டனிலிருந்து அனுப்பிய பாட்டைப் போன கிழமையே கேட்டேன். 'அப்பா, பழைய கசெட்டில இருந்த இரைச்சல் எல்லாத்தையும் துடைச்சு எடுத்திட்டன், இப்ப கேட்டுப் பாருங்கோ' என்று எழுதியிருந்தாய். உண்மைதான், பளிச்சென்று இருந்தது. என் குரல் இருபத்தாறு வயதுக் குரல். அந்தக் காலத்தில் என் தலையில் இருந்த முடியைப்போல் அதுவும் அடர்த்தியாக இருந்தது. கிற்றாரின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. ஆனால் நீ இரைச்சல் என்று நினைத்துத் துடைத்து எடுத்தது இரைச்சல் இல்லை, மகன். அது தீவுகளுக்குக் கடலில் ஓடிய ஒரு லோஞ்சின் எஞ்சின். அந்தப் பாட்டை எழுதியவர் அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினார். எழுதியவர் நான் இல்லை.

இந்தக் கடைசி வசனத்தை நான் முப்பது வருடங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அடுத்த மாதம் உன் கலியாணம், நம் ஊர் வேதக் கோயிலிலேயே. வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க அந்தக் கசெட்டின் ஏழு பாட்டையும் சீடியாக அடிக்கப் போகிறாய், உறையில் 'அப்பாவின் பாடல்கள்' என்று போட்டு, நான் கிற்றாரோடு நிற்கும் படத்தையும் போடப் போகிறாய். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாய். போனில் சொல்ல இரண்டு தரம் முயன்றேன். நீ 'அப்பா, நீங்கள் ஒரு பெரிய ஆள்' என்றாய். நான் அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஆகவே கடிதம், படமெடுத்துப் போனில் அனுப்புகிறேன். வெள்ளிக்கு முன் இதை முழுக்கப் படி.

எழுதியவரின் பெயர் அருளப்பு. எழுவைதீவுக்காரர், என்னிலும் பத்து வயது மூத்தவர். அருளப்பு அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். ஒருமுறை அவருடைய கப்பல் லிவர்பூலில் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தது. கையில் வேலை இல்லாமல், துறைமுகத்துக்குப் பக்கத்துச் சாராயக் கடை ஒன்றில் கிளாஸ் கழுவப் போனார். அந்தக் கடையின் பின்னறையில் நாலைந்து வெள்ளைக்காரப் பெடியன்கள் பாட்டுப் பழகுவார்களாம். அவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவன் ஒல்லியான ஒருத்தன், பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். மேடையில் ஏறமாட்டான், மூலையில் நின்று கேட்பான். அவன்தான் அண்ணைக்குக் கிற்றாரில் மூன்று கோட் பிடிக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறான். "மூண்டு போதும் தம்பி, நாலாவது பகட்டு எண்டு சொல்லுவான்" என்று அண்ணை சொல்லிச் சிரிப்பார். அந்தப் பாட்டுகளுக்கு அங்கே புதிய அலை என்று பெயராம். அதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம், கடலுக்கு நடுவில் இருக்கிற எங்களுக்கே அலை விற்கிறார்களா என்று.

எண்பத்து மூன்றில் அவர் திரும்பி வந்தபோது கொழும்பு எரிந்துகொண்டிருந்தது. உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிது; கையில் ஒரு பையும் ஒரு கசெட் பெட்டியும். மறுபடி கப்பலுக்குப் போக மனம் வரவில்லை. ஊர்காவற்றுறைக்கும் எழுவைதீவுக்கும் ஓடிய லோஞ்சில் எஞ்சின் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். நான் அப்போது கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். எழுவைதீவுக் கடைக்குச் சாமான் கொண்டுபோக வாரத்துக்கு இரண்டு தரம் அந்த லோஞ்சில் ஏறுவேன். அப்படித்தான் பழக்கம்.

அவர் வேலை செய்யும் விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கடதாசி இல்லை, பேனை இல்லை. எண்ணெய்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, எஞ்சின் பெட்டியின் பலகையில் முழங்கையை ஊன்றி, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். போகும்போது ஒரு அடி, திரும்பும்போது ஒரு அடி. கரை தட்டி எஞ்சினை நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும். ஆட்கள் இறங்கி ஏறும்வரை சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு சும்மா இருப்பார். நான் ஒருநாள், "அண்ணை, இந்தச் சத்தத்துக்கை என்னண்டு பாட்டு வருது?" என்று கேட்டேன்.

"சத்தமோ? தம்பி, இதைப்போல தாளம் தப்பாத ஆள் உம்மட இசைக்குழுவில ஆரும் இருக்கினமோ?" என்றார். "சாமான் கூடின நாளில இஞ்சின் ஆறுதலா ஓடும், அண்டைக்குச் சோகப்பாட்டு. வெறும் லோஞ்செண்டால் துள்ளும். நான் ஒண்டும் செய்யிறேல்லை, அது சொல்லுறதுக்குப் பின்னால போறன்."

எங்களிடம் ஒரு இசைக்குழு இருந்தது. நான், இரண்டு நண்பர்கள், ஒரு பழைய ஓர்கன், ஒரு டிரம். எல்லோரும் பாடுகிற சினிமாப் பாட்டைத்தான் நாங்களும் பாடிக்கொண்டிருந்தோம், எல்லோரையும்விடக் கொஞ்சம் மோசமாக. அருளப்பு அண்ணையின் பாட்டுகள் வேறு மாதிரி. நிலா இல்லை, தென்றல் இல்லை. லோஞ்சைத் தவறவிட்டவன், சவர்க்காரம் வாங்க வந்து விலையைக் கேட்டுத் திரும்புகிறவள், தண்ணீர் வண்டிக்கு வாளி வைத்துவிட்டுச் சண்டை பிடிக்கிறவர்கள். உனக்கு மனப்பாடமான அந்தக் குடைப் பாட்டைப் பார்:

'கரையில நிக்கிறன், கையில குடை,
மழையையும் காணேல்லை, உம்மையும் காணேல்லை.'

நாங்கள் பேசுகிற மாதிரியே பாட்டு இருக்கலாம் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. முதல்முறை கேட்டபோது லோஞ்சில் மா மூட்டைக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். ஏனோ அழுகை வந்தது. அவருக்குத் தெரியக்கூடாது என்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கடுத்த வருடம் நம் கோயில் திருநாளில் எங்களுக்கு மேடை கிடைத்தது. குடைப் பாட்டைப் பாடுவது என்று முடிவு செய்தோம். இங்கேதான் சிக்கல். அருளப்பு அண்ணை கட்டியிருந்தது சரவணை ஊர்ப் பெண்ணை, மங்கை அக்காவை. அக்கா சைவம், அண்ணை நம்மைப்போல் கத்தோலிக்கர். நம் கோயிலிலும் கட்டவில்லை, சரவணையிலும் கட்ட விடவில்லை. அரசாங்கக் கச்சேரியில் பதிவு செய்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. இவருக்குக் கோயிலில் நற்கருணை கொடுப்பதில்லை, அக்காவைச் சரவணையில் யாரும் படலைக்குள் விடுவதில்லை. மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு எழுதியவர் பெயரைக் கடதாசித் துண்டில் எழுதி அறிவிப்பாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் திருநாள் வழக்கம். திருநாள் சபைச் செயலாளர் துண்டைப் பார்த்ததும் திருப்பித் தந்தார். "இவன்ர பேரைக் கோயில் மேடையில சொல்ல ஏலாது. வேற பேர் எழுதும், இல்லாட்டி வேற பாட்டுப் பாடும்."

லோஞ்சுக்கு ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் சுருட்டை அணைத்துவிட்டு, "பேரென்ன பேர். பாட்டு ஓடட்டும். உம்மட பேரைப் போடும்" என்றார். போட்டேன். ஒருமுறைக்குத்தானே என்று நினைத்தேன்.

பொழுதுபட மேடை ஏறினோம். ஒலிபெருக்கியில் என் பெயர் போனது. கூட்டம் கோயில் வளவு முழுக்க. அண்ணையும் மங்கை அக்காவும் வேலிக்கு வெளியே பூவரசுக்குக் கீழே நின்றதை மேடையிலிருந்தே பார்த்தேன். பாடி முடிந்ததும் சீனவெடி கொளுத்தினார்கள், மாலை போட்டார்கள், நானும் கைகூப்பினேன். அந்த மாலை யாருக்குரியது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கழுத்தில் விழுந்த மாலை எவ்வளவு இதமாக இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சங்கக் கடையில் சீனி வாங்க வந்த ஒரு பெண், என்னைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் குடைப் பாட்டு நீங்களோ எழுதினது?" என்று கேட்டாள். அவள்தான் உன் அம்மா. கடையில் வேறு யாரும் இல்லை. திருநாள் சபை இல்லை, செயலாளர் இல்லை, துண்டு இல்லை. உண்மையைச் சொல்ல ஒரு தடையும் இல்லை. நான் "ஓம், நான்தான்" என்றேன்.

மேடையில் நடந்ததற்கு நான் ஆயிரம் சாட்டுச் சொல்லலாம். இதற்கு ஒன்றுமே சொல்ல முடியாது. உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன். அடுத்த மாதம் சுவாமியார் கேட்கும்போது நீ சொல்லப்போகிற பெரிய ஓம் பற்றி எனக்குப் பயம் இல்லை, அதை எல்லோரும் நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். ஒரு பெண் சும்மா கேட்கிற கேள்விக்கு வாய் தவறி வருகிற சின்ன ஓம் இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொள். வந்துவிட்டால் அன்று பின்னேரமே போய்த் திருத்து. நான் நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன். நாளைக்கு அவள் ஒரு குடையோடு வந்தாள், வெயிலில். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

கசெட் அடித்தது எங்கள் கலியாணத்துக்குப் பிறகு. யாழ்ப்பாணத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கடைக்காரர் கூடத்தில் வந்து பாடச் சொன்னார். அண்ணை மறுத்துவிட்டார். "இஞ்சின் இல்லாமல் அது என்ர பாட்டில்லை" என்று ஒரே பிடி. கடைசியில் பதிவுப் பெட்டியை லோஞ்சுக்கே கொண்டுவந்து, எழுவைதீவுப் பாதையில் மூன்று தரம் போய்வந்து ஏழு பாட்டையும் எடுத்தோம். அண்ணை பாடவில்லை, எஞ்சினைத்தான் வாசித்தார் என்று சொல்ல வேண்டும். பாட்டின் நடுவில் வேகம் கூட வேண்டிய இடத்தில் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு எஞ்சினை மெல்லக் கூட்டுவார். நீ இப்போது துடைத்திருப்பது அதைத்தான்.

உறைக்குப் பெயர் எழுதிக் கொடுக்க நானும் அவரும் யாழ்ப்பாணம் போனோம். அவர் எஞ்சினுக்குப் பெல்ட் வாங்க அடுத்த தெருவுக்குப் போயிருந்தார். கடைக்காரர், "பாட்டும் மெட்டும் ஆர்?" என்று கேட்டார். அங்கே என்னைத் தடுக்க எந்தச் செயலாளரும் இல்லை. ஆனால் வீட்டில் உன் அம்மா இருந்தாள். என் பெயரை எழுதினேன். பெல்ட்டோடு திரும்பி வந்த அண்ணை, நான் பெயர் எழுதிய உறையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "எழுத்து வடிவா இருக்கு" என்று மட்டும் சொல்லித் தந்துவிட்டார். அதற்குப் பிறகு புதுப் பாட்டுக் கேட்டால், "இப்ப ஒண்டும் வரேல்லை தம்பி" என்பார். வரவில்லையாக்கும் என்று நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு சண்டை தீவுகளுக்கு வந்தது. நாங்கள் உன்னைக் கையில் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் ஓடினோம். எழுவைதீவில் பலர் அங்கேயே இருந்துவிட்டார்கள், அண்ணையும் அக்காவும் அப்படி. போக வரப் பாதை இல்லை. இசைக்குழுவும் இல்லை, ஓர்கனை யாரோ விறகாக்கியிருக்க வேண்டும். வாடகை வீட்டில் மின்சாரம் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைக் கசெட் பெட்டியோடு கொழுவி, பெடலைக் கையால் சுற்றிப் பாட்டுக் கேட்போம். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சுற்றினால் என் குரல் கீச்சென்று ஓடும், அம்மா சுற்றினால் ஒழுங்காக இருக்கும். அவள் அந்த ஒரு பாட்டுக்காகத்தான் சுற்றுவாள். தொண்ணூற்றைந்தில் ஊரோடு எழும்பி மழைக்குள் நடந்தோமே, அன்று நான் கிற்றாரை விட்டுவிட்டேன். அவள் அடையாள அட்டைகளுக்கும் உன் பிறப்புப் பத்திரத்துக்கும் நடுவில் அந்தக் கசெட்டை வைத்துப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். "வேற என்ன இருக்கு எங்களிட்ட, இது நீங்கள் எனக்கு எழுதினது" என்றாள். சனத்துக்குள் நசிந்துகொண்டு நின்ற அந்த இடத்திலும் நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற இடம் எது என்று நீ கேட்டால், மேடை இல்லை, கசெட் கடை இல்லை. அதுதான்.

போன கிழமை நீ உறையின் படத்தை அனுப்பியதும் இனி ஏலாது என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு அந்தக் கிளை முடியும்வரை உருவினாள். பிறகு, "அப்ப நான் ஆரைக் கட்டினனான்?" என்றாள். மூன்று நாள் சோறு போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாம் நாள் காலையில் என் சேர்ட்டை அயன் பெட்டியால் மினுக்கிக் கதிரையில் போட்டுவிட்டு, "எழுவைதீவுக்குப் போங்கோ. அவையிட்ட நேர சொல்லுங்கோ. வந்தாப் பிறகு உங்களோட கதைக்கிறன்" என்றாள்.

போனேன். லோஞ்ச் புதியது, எஞ்சின் சத்தமே இல்லை. அருளப்பு அண்ணைக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், கை நடுங்குகிறது, வேறு குறை இல்லை. என்னைக் கண்டதும் "வாரும் வாரும்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். நீ அனுப்பிய பாட்டைப் போனில் போட்டு அவர் காதில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். பாதியில் கண்ணைத் திறந்து, "இஞ்சின் எங்க?" என்றார்.

"மகன் சத்தமெண்டு நினைச்சு எடுத்திட்டான் அண்ணை."

"அப்ப இது லோஞ்சில்லாமல் கடலில நடந்து போற மாதிரியெல்லோ இருக்கு" என்று சிரித்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சங்கக் கடை, உறை, கடைசியாக அந்த மழை. மன்னிப்பும் கேட்டேன், அழுதும்விட்டேன். அவர் என் முழங்காலில் தட்டினார். "தம்பி, லிவர்பூலில எனக்குப் படிப்பிச்ச பெடியன் இருந்தவன். அவனை அங்கயும் ஒருத்தருக்கும் தெரியாது. அவன்ர பேர் எனக்கே மறந்து போச்சு. எத்தினை வருசமா யோசிக்கிறன், வருதில்லை. பிறகு நான் உம்மோட என்னண்டு கோவிக்கிறது?" பிறகு மேசையில் விரலால் தட்டித் தட்டி ஒரு பாட்டுப் பாடினார். நான் கேட்டிராத பாட்டு. அது முடிய இன்னொன்று. வரவில்லை வரவில்லை என்று சொன்ன வருடங்களின் பாட்டெல்லாம் அவருக்குள் இருந்திருக்கிறது, மகன். என்னிடம் தரவில்லை, அவ்வளவுதான்.

நான் லேசான மனதோடு எழும்பப் பார்த்தேன். அப்போது தேத்தண்ணி கொண்டுவந்த மங்கை அக்கா, கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். அவர் என்னோடு அதிகம் கதைத்ததே இல்லை.

"இவர் மன்னிப்பார், இவருக்கு அது சுகம்" என்றார். "அந்தக் குடைப் பாட்டு என்னைப் பற்றி எழுதினது, தம்பி. சரவணையில எங்கட வீட்டில என்னைப் பூட்டி வைச்சவை. இவர் சொன்ன நாளில என்னால வர ஏலாமல் போச்சு. இவர் கரையில பின்னேரம் வரைக்கும் குடையோட நிண்டிருக்கிறார். அது என்ர பாட்டு. அதை நீங்கள் கொண்டுபோய் உங்கட மனிசிக்குக் குடுத்திட்டியள்."

எழும்பப் பார்த்த நான் திரும்பக் கதிரையில் உட்கார்ந்தேன்.

"அண்டைக்கு வேலிக்கு வெளிய நிண்டு கேட்டனாங்கள். உங்கட பேரைச் சொல்லேக்க இவர் கை தட்டினவர். நான் தட்டேல்லை. இண்டைக்கும் தட்டமாட்டன்."

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் இதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் "அவ தட்டாதது சரி" என்றாள். பிறகு, "கலியாணத்துக்கு அவையைக் கூப்பிட நான் வாறன். ரெண்டு பேருமாப் போவம்" என்றாள். நேற்றுக் காலையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். இரண்டு பெண்களும் குசினிக்குள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா தன் குடையை அங்கே விட்டுவிட்டு வந்தாள். மறந்தாயா என்று கேட்டதற்கு, லோஞ்சுக்கு நேரமாகிறது என்று முன்னால் நடந்தாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். எஞ்சினைத் திரும்பப் போடு, இருந்தது இருந்தபடி. உறையில் என் படத்தை எடுத்துவிடு. அருளப்பு அண்ணையின் பெயரைப் போடு, அவருடைய பெயருக்குக் கீழே, பாடியது என்று சின்னதாக என் பெயர் இருந்தால் போதும். குடைப் பாட்டுக்குக் கீழே 'மங்கைக்கு' என்று போடு. உன் வருங்கால மனைவிக்கும் இந்தக் கடிதத்தைக் காட்டு. மாமனார் எப்படிப்பட்ட ஆள் என்று அவளுக்குக் கலியாணத்துக்கு முன்பே தெரிவது நல்லது.

கோயிலில் முதல் வரிசை வாங்கில், எங்களுக்குப் பக்கத்தில், அவர்கள் இருவரும் இருப்பார்கள். சுவாமியாரிடம் கேட்டுவிட்டேன். அவர் சின்ன வயசுக்காரர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று சிரித்தார். விருந்தில் பாட்டைப் போடும் முன் அறிவிப்பாளர் வேண்டாம், ஒலிவாங்கியை என்னிடம் கொடு. அன்று கொடுக்காமல் விட்ட துண்டை நானே வாசிக்கிறேன். அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். தட்டுவேன் என்று மட்டும் சொல்லவில்லை. கூட்டம் என்ன செய்தாலும் எனக்குக் கவலை இல்லை, மகன். பெயரைச் சொல்லிவிட்டு நான் அக்காவின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஊர்காவற்றுறையிலிருந்து,
பாடியவன், உன் அப்பா